தலையில் அரைத்த மிளகாய்க்கு மூவாயிரம்

வேலைக்குச் சேர்த்தபோது, ஆறு மாதம் பார்ப்போம் என்றார்கள். பார்த்து முடிக்க இன்னும் மூன்று நாள் இருந்தது. பிடித்திருந்தால் வேலை நிரந்தரம். பிடிக்காவிட்டால் விசாவும் நானும் ஒன்றாக மூட்டை கட்ட வேண்டியதுதான்.

வேலை இதுதான்: பணக்காரர்களுக்கு முழு விமானத்தையும் வாடகைக்குப் பிடித்துக் கொடுப்பது. விமானம் எங்களுடையது இல்லை. எங்கள் அலுவலகத்தில் இருப்பது நான்கு மேசை, ஒரு காபி இயந்திரம், வாலில் பல்லி முட்டையிட்டிருக்கும் ஒரு பொம்மை விமானம். விமானம் வைத்திருப்பவரிடம் விலை கேட்டு, அதன் மேல் எங்கள் பங்கை வைத்து வாடிக்கையாளருக்கு அனுப்புவோம். ஆறு மாதத்தில் நான் எழுபது பேருக்கு விலை அனுப்பியிருந்தேன். ஒருவர்கூட ஏறவில்லை.

மேனேஜர் மேடம் காபியைக் கலக்கிக்கொண்டே சொன்னார்:

"வெள்ளிக்கிழமைக்குள்ள யாரையாவது ஒருத்தரை பிளேன்ல ஏத்தி விடு. இல்லன்னா நான் உன்னை ஏத்தி விட வேண்டியிருக்கும். சாதா டிக்கெட்ல."

கடைசியாக மிச்சமிருந்தவர் சோபாக்காரர். பெரிய நாற்காலி, சோபாத் தொழிற்சாலை வைத்திருப்பவர். ஒரு மணி நேரம் பறக்கும் தூரத்தில் ஒரு கண்காட்சி. மூன்று பேருடன் போய், ஓர் இரவு தங்கி, மறுநாள் திரும்ப வேண்டும். நான் அனுப்பிய விலை இருபத்தாறாயிரம். அதைப் பார்த்ததிலிருந்து அவர் பதினோரு முறை போன் செய்திருந்தார். பதினோரு முறையும் ஒரே கேள்விதான்.

"உங்க வெப்சைட்ல மணிக்கு நாலாயிரம்னு போட்டிருக்கு. போக ஒண்ணு, வர ஒண்ணு, எட்டாயிரம். நீங்க இருபத்தாறு கேக்குறீங்க. மிச்சம் பதினெட்டை யாரு முழுங்கினது?"

கம்பெனி தயாரித்து வைத்திருந்த நாலு பக்க விளக்கத்தை அனுப்பினேன். 'இடமாற்றப் பயணக் கட்டணம்', 'தரைச் சேவை மேலாண்மை' என்றெல்லாம் அதில் இருந்தது. அரை மணி நேரத்தில் பதில் வந்தது.

"படிச்சேன். நல்லா தூக்கம் வந்துச்சு. பதினெட்டாயிரம் எங்க?"

மதியம் மாடிப்படியில் உட்கார்ந்து ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்தபோது அக்காவிடமிருந்து செய்தி. அக்கா ஊரில் இரண்டு வேன் வாடகைக்கு விடுகிறாள். ஒன்றை அவளே ஓட்டுகிறாள். காலையில் பதற்றத்தில் சோபாக்காரர் கதையை அவளிடம் கொட்டியிருந்தேன்.

"ஏண்டி, ஒரு மணி நேரம் பறக்க இருபத்தாறாயிரமா? வாடகை கேக்குறீங்களா, பிளேனையே அவன் தலையில கட்டுறீங்களா?"

தமிழில் தட்டச்சு செய்ய எனக்கு வரிக்குப் பத்து நிமிடம் ஆகும். அதனால் வீட்டுக்கு எல்லாமே வாயால்தான். நான் பேசப் பேச போன் எழுதிக்கொள்ளும். மேடம் வருகிறாரா என்று கதவையே பார்த்தபடி, பட்டியலில் மேலே இருந்த பெயரைத் தொட்டுக் கடகடவென்று பேசினேன்.

"அக்கா, எல்லாம் உன் வேன் கணக்குதான். பிளேன் இங்க நிக்கல. ஒரு மணி நேரம் தள்ளி வேற ஊர்ல நிக்குது. அங்கேருந்து காலியா வரணும். இவரை ஏத்திட்டுப் போகணும். மறுநாள் கொண்டாந்து இறக்கிட்டு, திரும்பவும் காலியா அது ஊருக்குப் போகணும். காலி வண்டிக்கு நீ காசு வாங்காம விடுவியா? ஆக நாலு மணி நேரம், பதினாறாயிரம். நாலு தடவை இறங்குது. இறங்குனா காசு, நின்னா காசு, ஏணி புடிச்சா காசு, அது அஞ்சாயிரம். டிரைவர் ரெண்டு பேரு, ராத்திரி தங்க ரூமு, பேட்டா, ஆயிரத்தி ஐநூறு. உள்ள உக்காந்து கொறிக்க ஐநூறு. மிச்சம் மூவாயிரம் எங்க கம்பெனி அவர் தலையில மிளகா அரைக்கிறது. இதைச் சொன்னா புரிஞ்சுக்காம உயிரை வாங்குறான் அந்த சோபாக்காரன். சரியான கஞ்சப் பிசினாறி. அவன் ஏறலன்னா வெள்ளிக்கிழமை நான் வீட்டுக்கு வந்துடுவேன். உன் வேன்ல கிளீனர் வேலை இருந்தா எனக்கு எடுத்து வை. அம்மாகிட்ட சொல்லாத."

அனுப்பிவிட்டு ரொட்டியை முடித்தேன். கையைத் துடைத்துக்கொண்டு போனைப் பார்த்தேன். நான் கதவைப் பார்த்த அந்த நேரத்தில் சோபாக்காரர் பதினோரு போன் போதாதென்று "ஹலோ" என்று ஒரு செய்தியும் அனுப்பியிருக்கிறார். அவர் பெயர் அக்காவைத் தள்ளிவிட்டு மேலே ஏறி உட்கார்ந்துவிட்டது. நான் பேசியதெல்லாம் அவருக்குப் போயிருந்தது. படித்துவிட்டார் என்று அடையாளமும் விழுந்துவிட்டது.

இந்த ஊரில் யாருக்கும் தமிழ் தெரியாது, அவருக்கும்தான் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். மேசைக்குத் திரும்பினால் மேடம் என் மேசைத் தொலைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"உன் சோபாக்காரர். நீ அனுப்பினதை மெஷின்ல மொழிபெயர்த்துப் படிச்சாராம். ஸ்பீக்கர்ல போடுறேன்."



"ஏம்மா," என்றார் சோபாக்காரர். "இதை மொதல்லயே அனுப்பியிருந்தா எனக்கு ரெண்டு நாள் மிச்சமாயிருக்குமே! காலியா வருது, காலியா போகுது. என் லாரியும் அப்படித்தான். சோபாவை இறக்கிட்டு காலியா வரும்போது டீசல் சும்மாவா எரியுது? பதினாறு ஒத்துக்கிட்டேன். ஏணி, டிரைவர் எல்லாம் ஒத்துக்கிட்டேன். என்னை எதுக்கு அக்கான்னு கூப்பிட்டீங்கன்னு தெரியல, பரவாயில்ல."

"அது... மரியாதைக்கு, சார்."

"பிசின்னு ஏதோ போட்டிருந்தீங்க. என் தொழிற்சாலையில பிசின் யூஸ் பண்றது கிடையாது, எல்லாம் ஆணிதான். அதுவும் போகட்டும். வெள்ளிக்கிழமை நீங்க வீட்டுக்குப் போறீங்களாமே? நான் ஏறினா உங்க லீவு கெட்டுப்போயிடுமா?"

"இல்ல சார்! நீங்க தாராளமா ஏறுங்க சார்! எனக்கு வீடே வேணாம் சார்!"

மேடம் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"ஒரே ஒரு விஷயம்," என்றார் சோபாக்காரர். "அந்த மிளகாய். என் தலையில மிளகாய் அரைக்க மூவாயிரம்னு போட்டிருக்கு. அது வசதியான சேவையாத்தான் இருக்கும். ஆனா எனக்கு வழுக்கை. எரியும். அதை மட்டும் எடுத்துடுங்க."

மேடம் புருவத்தைத் தூக்கினார். "என்ன மிளகாய்?" என்று வாயசைத்தார்.

எடுத்துவிடுகிறேன் என்று சொன்னால் கம்பெனிக்கு ஒன்றும் மிஞ்சாது. மேடம் என்னை எடுத்துவிடுவார். அது சமையல் செலவு என்று புளுகினால் விமானத்தில் ஏறி மிளகாய் எங்கே என்று கேட்பார், கேட்கிற ஆள்தான். உண்மையையே சொன்னேன்.

"சார், அது எங்க கம்பெனியோட பங்கு. எங்க மொழியில, ஒருத்தரை ஏமாத்திக் காசு புடுங்குறதை அப்படிச் சொல்வோம். நான் என் அக்காவுக்கு அனுப்பினது உங்களுக்கு வந்துடுச்சு. உங்களைத் திட்டியும் இருக்கேன். ஆனா ஏமாத்தலை சார். பிளேன் தேடுறது, ராத்திரி ரெண்டு மணிக்கு ரிப்பேருன்னா வேற பிளேன் புடிக்கிறது, உங்க பதினோரு போனை எடுத்தது எல்லாத்துக்கும் சேர்த்துதான் அந்த மூவாயிரம்."

மேடம் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். நான் மனத்துக்குள் பெட்டியை மடிக்க ஆரம்பித்திருந்தேன். சட்டை நாலு, ஸ்வெட்டர் ஒன்று.

சோபாக்காரர் சிரித்த சத்தத்தில் ஸ்பீக்கர் கரகரத்தது.

"நானும் சோபா விக்கிறவன்தாம்மா. நான் அரைக்காத மிளகாயா? சரி, ரெண்டாயிரத்துக்கு அரைங்க."

நான் மேடத்தைப் பார்த்தேன். மேடம் இரண்டு விரலைக் காட்டி, கொஞ்சம் யோசித்து, மூன்றாவதைப் பாதி நீட்டினார்.

"ரெண்டாயிரத்தி ஐநூறு சார்," என்றேன். "நைசா அரைக்கிறோம்."

"கஞ்சப் பிசின் நீங்கதான்," என்று சொல்லிவிட்டு ஒத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை அவர் ஏறினார். வெள்ளிக்கிழமை மேடம் என்னைக் கூப்பிட்டு வேலை நிரந்தரக் கடிதத்தை நீட்டினார். வரிவரியாக வாசித்தேன். எல்லாம் சரியாக இருந்தது. சம்பளம் மட்டும், சேர்க்கும்போது சொன்னதைவிட இருநூறு குறைவாக இருந்தது.

"மேடம், இந்த இருநூறு..."

மேடம் பேனாவின் மூடியைத் திறந்து என்னிடம் கொடுத்தார். என் உச்சந்தலையை நிதானமாகப் பார்த்தார். பிறகு, மூன்று நாளாக யாருக்கும் தெரியாமல் பழகியிருப்பார் போல, சுத்தமான தமிழில் சொன்னார்:

"மிளகா."

கையெழுத்துப் போட்டேன். மாடிப்படிக்கு ஓடி, பெயரை மூன்று முறை சரிபார்த்து, அக்காவுக்கு எல்லாவற்றையும் பேசி அனுப்பினேன். பதில் அம்மாவிடமிருந்து வந்தது. அம்மாகிட்ட சொல்லாத என்று சொன்ன வரிதான் அக்காவுக்குப் போய்ச் சேரவே இல்லையே.

"வேலை கெடச்சுதுல்ல, போதும். தலைக்குக் கொஞ்சம் எண்ணெய் வைடி. எரியாது."