சாதாரணமாக வசிக்கும் இடம்

வாக்காளர் பட்டியல் வெளியான மறுநாள் முதல், காட்டூரில் தன் வீட்டுப் பாயில் படுத்துத் தூங்கும் மருதை, ஸ்ரீரங்கம் வடக்கு உத்திர வீதியில் வேறொருவர் வீட்டில், வாசலை ஒட்டிய ரேழியில் விழித்தெழுந்தார். இரண்டு வீட்டுக்கும் நடுவே பதினான்கு கிலோமீட்டரும் காவிரியும் இருக்கின்றன. லுங்கி நனைந்திருக்காது, உள்ளங்காலில் தூசி இருக்காது. முதல் நாள் கண் திறந்தபோது சிவப்புச் சிமெண்டுத் தரையும் உயரத்தில் மரக்கட்டை உத்தரமும் தெரிந்தன. அவர் பதறவில்லை. பத்தொன்பது வருடம் ஷார்ஜாவில் லாரி ஓட்டியவர். விழித்த இடம் எதுவென்று சற்று யோசித்துத் தெரிந்துகொள்வது அவருக்குப் பழக்கம். யோசித்தும் தெரியாமல் போனது அன்றைக்குத்தான். உள்ளிருந்து செம்போடு வந்த வீட்டுக்காரர் ரங்கநாதன், தாழ்ப்பாள் போட்டபடியே இருந்த வாசல் கதவையும் தரையில் உட்கார்ந்திருந்த ஆளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யாரு நீங்க? உள்ள எப்படி வந்தேள்?"

"தெரியலைங்க. காட்டூருல படுத்தேன்."

"குடிச்சிருக்கேளா?"

"குடிச்சவன் இவ்ளோ தூரம் வந்து சேர முடியுங்களா?"

ரங்கநாதனுக்கு அதில் நியாயம் இருப்பதாகப் பட்டது. கதவைத் திறந்துவிட்டார். மருதை தெருமுனை திரும்பிய பிறகு, அவர் படுத்திருந்த இடத்தில் தண்ணீர் தெளித்துத் துடைத்தார்.

இது ஒரு கையெழுத்தால் வந்தது. திருச்சிப் பக்கத்தில் பயணம் என்றால் விமான நிலையத்துக்குப் போவதும், போனவர்களிடமிருந்து பெட்டி வருவதும்தான். பெரும்பாலான பெட்டிகளில் சோப்பும் பேரீச்சம்பழமும் வரும். ஒரு பெட்டியில் மருதையின் தம்பி நல்லுசாமி வந்தான். அந்தப் பெட்டியை வெளியே எடுப்பதற்கு ஒரு பகல் முழுக்கச் சரக்குப் பிரிவு வாசலில் நின்று, நான்கு அலுவலர்களிடம் கையெழுத்து வாங்கியவர் ஜெயக்குமார். மருதையின் மனைவி மலர்க்கொடிக்குச் சித்தப்பா மகன், சாமியானா பந்தல் வாடகைக்கு விடுபவர், கட்சியில் இருப்பவர். பிணம் வாங்கிக் கொடுத்தவன் கேட்டதை இல்லையென்று சொல்லும் வழக்கம் அந்தக் குடும்பங்களில் இல்லை. அவரும் பதினோரு வருடம் எதுவும் கேட்கவில்லை. மாநகராட்சித் தேர்தல் வந்தது. கட்சி அவருக்கு ஸ்ரீரங்கத்தில் ஒரு வார்டை ஒதுக்கியது. காட்டூரில் அவருக்கு இருந்த செல்வாக்கில் பத்தில் ஒரு பங்கு கூட அங்கே இல்லை. ஆகவே அவர் சொந்தக்காரர்களில் நாற்பத்திரண்டு பேரின் பெயரை அந்த வார்டுக்கு மாற்ற ஏற்பாடு செய்தார். ஒரே வீட்டில் அத்தனை பேரைக் காட்டினால் கேள்வி வரும் என்று, வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடுகளாகப் பார்த்து, அவர்களுக்குத் தெரியாமலே மூன்று நான்கு பேராகப் பிரித்துப் போட்டார். ஆள் மிஞ்சாததால் ரங்கநாதன் வீட்டுக்கு ஒருவர்தான் கிடைத்தார். அது மருதை.

நாற்பத்தோரு பேர் சாமியானா குடோனில் போண்டா சாப்பிட்டுக்கொண்டே கையெழுத்துப் போட்டார்கள். மருதை மட்டும் படிவத்தை வெளிச்சத்துக்கு எடுத்துப் போய் முழுவதும் படித்தார். படிக்காமல் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டதால் ஷார்ஜாவில் நாலு வருடம் ஊருக்கு வர முடியாமல் கிடந்தவர் அவர். 'மேற்கண்ட முகவரியில் நான் சாதாரணமாக வசித்து வருகிறேன் என்றும், இது உண்மை என்றும் உறுதியளிக்கிறேன்' என்று இருந்தது. அவர் அதை இரண்டு தடவை படித்தார். பெட்டியும் சரக்குப் பிரிவு வாசலும் ஞாபகத்துக்கு வந்தன. கையெழுத்துப் போட்டார். என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்து உறுதி கொடுத்தவர் அந்த நாற்பத்திரண்டு பேரில் அவர் ஒருவர்தான். பட்டியல் அதை அப்படியே எடுத்துக்கொண்டது.

முதல் வாரம் அவர் பஸ்ஸுக்குக் காசில்லாமல் சத்திரம் பேருந்து நிலையம் வழியாகக் காட்டூர் வரை நடந்தார். பிறகு சட்டை போட்டுக்கொண்டே தூங்கப் பழகினார். பையில் டிக்கெட் காசும் வீட்டுச் சாவியும் இருக்கும். செருப்போடு மட்டும் தூங்க வரவில்லை. பழைய ஜோடி ஒன்றை ரங்கநாதன் வீட்டு வாசலில் ஒரு ஓரமாக விட்டுவைத்தார். ரங்கநாதன் அதை எடுத்து எறியவில்லை. காட்டூரில் அவர் ஓட்டிய ஸ்கூல் வேன் ஏழே கால் மணிக்குக் கிளம்ப வேண்டியது. மூன்றாவது வாரம் அந்த வேலை போயிற்று. பால்பண்ணையில் லோடு ஆட்டோ ஓட்டப் போனார். அங்கே எட்டரைக்கு வந்தால் போதும். தஞ்சாவூரில் மச்சினி வீட்டில் ஒரு நாள் படுத்துப் பார்த்தார், மலைக்கோட்டை அடிவாரத்தில் ஒரு லாட்ஜில் படுத்துப் பார்த்தார், விழித்தது ரேழியில்தான். பகலில் கண் அசந்தாலும் இதே கதை. பஸ்ஸில் தூங்கி வழிகிறவர்களைப் பார்த்துப் பழகிய கண்டக்டர் பிச்சை, இவரை மட்டும் தோளைத் தட்டி எழுப்புவார்.

"அண்ணே, தூங்கிடாதீங்க. டிக்கெட் எடுத்துட்டு ஏறுன இடத்துக்கே போற ஆளு நீங்க ஒருத்தருதான்."

மலர்க்கொடி நைட்டி தைப்பவள். முடிச்சு போடத் தெரிந்தவள். ஒரு நாள் தன் முந்தானையை அவர் மணிக்கட்டில் கட்டினாள். காலையில் முடிச்சு அவிழாமல் இருந்தது, உள்ளே கை இல்லை. இன்னொரு நாள் தூங்காமல் அவர் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். ஒரு தடவை கண் இமைத்தாள், அவ்வளவுதான். அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம் வந்தது. பத்தொன்பது வருடத்தில் புருஷன் ஐந்து தடவை லீவில் வந்தான். மற்ற நாளெல்லாம் பாதிப் பாய் காலியாகக் கிடந்ததைப் பார்த்து எழுந்தவள் அவள். இனி எங்கும் போவதில்லை என்று சொல்லி அவர் வந்து இறங்கி ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. இப்போது ராத்திரி ஒன்பது மணிக்குப் பக்கத்தில் படுக்கிற ஆள், விடியும்போது ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிறான். ஷார்ஜாவைச் சொன்னால் ஊருக்குப் புரியும். இதைச் சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கவும் செய்தார்கள். ஸ்ரீரங்கத்தில் வைப்பாட்டி வைத்திருக்கிறான் என்பதுதான் தெருவுக்கு நம்பும்படியாக இருந்தது.

தேர்தலில் ஜெயக்குமார் முப்பத்தெட்டு ஓட்டில் ஜெயித்தார். மாலையும் வெடியும் அடங்குவதற்குள் தோற்றவர் கோர்ட்டுக்குப் போனார், வெளியூர் ஓட்டு என்று. மருதை தன் பெயரைக் காட்டூருக்கே திருப்பக் கேட்டுப் படிவம் எழுதி வைத்திருந்த சமயம் அது. ஜெயக்குமார் நேரில் வந்தார். வெள்ளை வேட்டியோடு தையல் மிஷின் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"மாப்ள, இப்ப நீ திரும்பினா மத்த நாப்பத்தோரு பேரும் மாட்டுவானுங்க. நானும் மாட்டுவேன். கொஞ்சம் பொறு."

"எவ்வளவு நாளைக்கு மச்சான்?"

"கேஸு முடியுற வரைக்கும்."

"கேஸு எப்ப முடியும்?"

"பதவி முடியறதுக்கு முன்னாடி முடியாது."

அது உண்மை. உள்ளூர் அரசியலில் வழக்கு என்பது தீர்ப்புக்காக நடப்பதில்லை, காலத்துக்காக நடப்பது. ஜெயக்குமார் கெட்டவர் இல்லை. வார்டில் இரண்டு தெருவுக்குச் சாக்கடை மூடி போட்டார். வடக்கு உத்திர வீதி மின்கம்பத்தில் விளக்கு மாற்றினார். அவருடைய சாமியானாவுக்குக் கீழேதான் கட்சிக் கூட்டமும் நடந்தது, கோயில் அன்னதானமும் நடந்தது, எதிர்க்கட்சிக்காரர் வீட்டு வளைகாப்பும் நடந்தது. ஆனாலும் மருதை படிவத்தைக் கொடுத்துவிட்டு வந்தார். பிணத்துக்கான கடனைக் கையெழுத்தில் தீர்த்தாகிவிட்டது என்று அவர் கணக்கு.

மனுவை விசாரிக்க வந்த அதிகாரி தஸ்லிமா, விதிப்படி நடந்துகொள்கிற பெண். மற்ற நாற்பத்தோரு பேரையும் அந்தந்த வீட்டில் தேடி ஒருவரையும் காணாமல், காலை ஐந்தே முக்காலுக்கு ரங்கநாதன் வீட்டுக்கு வந்தார். மருதை கொல்லையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் அவருக்கு ஒரு பிரஷ், ஒரு துண்டு, ஒரு ஜோடி செருப்பு இருந்தன. ரங்கநாதன் அப்போதெல்லாம் தண்ணீர் தெளிப்பதை விட்டிருந்தார். மனம் மாறி அல்ல, முழங்கால் மடங்கவில்லை.

"இவர் இங்கயா இருக்கார்?" என்று தஸ்லிமா கேட்டார்.

"தினமும் இருக்கார். வேண்டாம்னாலும் இருக்கார்."

தஸ்லிமா எழுதிக்கொண்டார். மருதை வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, தன் வீடு காட்டூரில் இருப்பதையும், படுப்பது அங்கே என்பதையும், பெண்டாட்டி அங்கே இருப்பதையும் சொன்னார். தஸ்லிமா பொறுமையாகக் கேட்டார். கடைசியில், தான் பார்த்ததைத்தான் எழுத முடியும் என்றார்.

"தூங்கி எந்திரிக்கிற இடத்தத்தாங்க வசிக்கிற இடம்னு எழுதணும். நீங்க எந்திரிக்கிறத நான் இங்க பார்க்கிறேன். எப்படிக் காட்டூருன்னு எழுதறது?"

மருதையின் மனு தள்ளுபடியானது. நாற்பத்திரண்டில் சட்டப்படி செல்லக்கூடிய ஒரே ஓட்டு அவருடையது என்று ஆயிற்று. தஸ்லிமா கிளம்பும்போது ரங்கநாதன் அவரை நிறுத்தி, மெதுவான குரலில் ஒன்று கேட்டார். அவருடைய மகன் அமெரிக்கா போய்ப் பதினான்கு வருடம் ஆகிறது. தாயார் காரியத்துக்கும் வரவில்லை, போனில் பார்த்தான்.

"என் பிள்ளை பேரும் இதே கதவு நம்பர்லதான் இருக்கு. அவன் மட்டும் ஏன் இங்க முழிச்சுக்க மாட்டேங்கறான்?"

"கடைசியா படிவத்துல அவரே கையெழுத்துப் போட்டாரா?"

"நான்தான் போட்டேன்."

தஸ்லிமா பேனாவை மூடினார்.

மனு தள்ளுபடியான செய்தியை மருதை வீட்டில் சொன்னபோது மலர்க்கொடி ஒரு நைட்டிக்குக் கழுத்துப் பட்டி வைத்துக்கொண்டிருந்தாள். பட்டியை முடித்து, நூலைப் பல்லால் கடித்து, மிஷினை மூடினாள். மறுநாள் பகலில் தனியாகப் பஸ் ஏறி வடக்கு உத்திர வீதிக்குப் போனாள். ரங்கநாதன் கதவைத் திறந்தார்.

"நான் மருதை சம்சாரங்க. ரேழியில இன்னொரு ஆளு படுக்க எடம் இருக்கான்னு பாக்க வந்தேன்."

அவர் அவளையும் ரேழியையும் பார்த்தார். இடம் இருந்தது.

"அடுக்களைப் பக்கம் வரப்படாது."

"உங்க அடுக்களை எனக்கு எதுக்குங்க? எங்க வீட்ல சோறு இருக்கு."

"அப்பறம் என்ன, சரி."

அங்கிருந்து நேராக ஜெயக்குமாரின் குடோனுக்குப் போய்ப் படிவம் கேட்டாள். கோர்ட்டில் காட்ட இன்னொரு நிஜமான ஆள் கிடைக்கிறதே என்று அவருக்கு முகம் மலர்ந்தது. தங்கச்சி தன் பதவிக்காகத்தான் இவ்வளவு செய்கிறாள் என்று நினைத்தார்.

"எனக்காகவா அம்மணி?"

"உனக்காக ஒரு தடவ செஞ்சுதான் இப்படி நிக்கிறோம்ண்ணே. ஓட்டு யாருக்குன்னு மட்டும் என்னைக் கேக்காத." பிறகு, குரலை உயர்த்தாமலே சொன்னாள்: "படுக்கும்போது பக்கத்துல இருக்கிற புருஷன் போதாது. எந்திரிக்கும்போது இருக்கணும்."

அவள் ஐந்தாவது வரை படித்தவள். படிவத்தை வாங்கிக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போனாள். எழுத்துக் கூட்டி, விரல் வைத்து, உறுதிமொழியை வாய்விட்டுப் படித்தாள். 'சாதாரணமாக' என்ற இடத்தில் சற்று நின்று, மறுபடி முதலிலிருந்து படித்தாள். குடோன் ஆட்கள் பந்தல் கயிறு சுற்றுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். அதன் பிறகு கையெழுத்துப் போட்டாள்.

பட்டியல் தை மாதத் தொடக்கத்தில் வெளியானது. அன்று இரவு சட்டையோடு மருதையும், நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு மலர்க்கொடியும் காட்டூரில் ஒரே பாயில் படுத்தார்கள். ஐந்து மணிக்கு ரேழியில் முதலில் விழித்தது அவள். பக்கத்தில் புருஷன் வாயைத் திறந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். பத்து நிமிடம் போல அவள் எழுப்பாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அவனுக்குக் காதோரம் நரைத்திருந்தது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. படுக்கப் போகும் வெளிச்சத்தில் அது தெரிந்ததில்லை. ரங்கநாதன் செம்போடு வந்தார், இருவரையும் பார்த்தார், கதவைத் திறந்துவிட்டுப் போனார். அன்று மாலை அவள் பஸ் ஏறி வந்து, வாசலில் இரண்டாவது ஜோடி செருப்பை வைத்துவிட்டுப் போனாள்.

அப்போதிருந்து இதுதான் நடைமுறை. சமையல், தையல், லோடு ஆட்டோ எல்லாம் காட்டூர்ப் பக்கத்தில். விழிப்பது ஸ்ரீரங்கத்தில். ஏழு மணி பஸ்ஸில் பிச்சை இவர்களுக்கு இரண்டு இருக்கை பார்த்துவைப்பார்.

"அண்ணனுக்கு ஒரு சத்திரம். அக்காவுக்கு ஃப்ரீ டிக்கெட்."

வெயில் ஏறாத ஒரு நாள், மாம்பழச்சாலை தாண்டிப் பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியது. ஆற்றில் மணல்தான் இருந்தது, ஓரத்தில் கொஞ்சம் தண்ணீர். முந்தின நாள் கல்யாண சீசனுக்காக எண்பது நைட்டி தைத்த களைப்பில் மலர்க்கொடி மருதையின் தோளில் சாய்ந்தாள். எழுப்ப வேண்டும் என்று அவர் நினைப்பதற்குள் தோளில் இருந்த கனம் போய்விட்டது. ஜன்னலோர இருக்கையில் அவளுடைய ஃப்ரீ டிக்கெட் கிடந்தது.

"அக்கா தூங்கிட்டாங்களா?" என்றார் பிச்சை.

"ம்."

"சிந்தாமணியில எறங்கிக்கங்க. எதுத்தாப்ல நின்னா பஸ்ஸு உடனே வரும்."

மருதை இறங்கினார். பால்பண்ணைக்குப் போன் போட்டு, இன்றைக்குப் பத்து மணி ஆகும் என்று சொன்னார். பிறகு சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய், ஸ்ரீரங்கம் பஸ்ஸுக்காக நின்றார். பிச்சை விசில் கொடுத்தார். காலியான இருக்கையில், மலைக்கோட்டைக்குப் பூக்கூடையோடு போகிற ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள்.