முதலில் நிற்கும் பெயர்

கருவியைத் திருப்பித் தராதவர் என்று மூன்றாவது நாளாகவும் கணினி வெல்டரின் பெயரையே காட்டியது. சொத்தைக் கத்தரிக்காயைப் பார்ப்பதுபோல் முதலாளி திரையைப் பார்த்தார்.

"நான் சொன்னா கண்ணு மூக்கு வெச்சுப் பேசுறேன்னுவீங்க. இப்ப மிஷினே சொல்லுதே! நாலு மணிக்கு அவனை வேலைய விட்டு அனுப்பிடலாம்."

பட்டறையின் கருவிகளைக் காக்கும் ஸ்டோர்க்காரி தலையாட்டினாள், நம்பவில்லை. பைத்தான் என்ற கணினி மொழியைக் கற்கத் தொடங்கி ஐந்தே வாரம். பட்டறை ஆட்கள் பதினொரு பேரையும் அந்த மொழியில் டிக்ஷனரி எனப்படும் பெயர்ப்பட்டியலில் போட்டிருந்தாள். கருவி எடுப்பவர் தன் பெயருக்கு நேரே அதைக் கணினியில் தட்டிவிட்டு எடுக்க வேண்டும். மாலையில் திருப்பித் தராதவர் யாரென்று சொல்ல ஒரு ஃபங்ஷன், அவள் எழுதிய சின்ன நிரல். அது வந்தபின் பட்டியலை யாரும் புரட்டுவதில்லை. டிரில் மட்டும் ஒன்றொன்றாய்ப் போய்க்கொண்டிருந்தது. மூன்றாவது டிரில் போனது நேற்று. நேற்று வெல்டர் லீவு.

அவரைக் கூப்பிட்டாள். "அண்ணே, ஸ்டோர்ல எடுத்ததுல உங்க கையில என்ன இருக்கு?"

"முகமூடிதான். அதையும் குடுத்துட்டு வெறும் மூஞ்சியோட நின்னா இரும்பு பயந்துடும்மா." சிரித்தார். விரல் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தது. "பொண்ணு இப்பதான் காலேஜ் சேர்ந்திருக்கு. பாத்துச் சொல்லு." வேலைக்குத் திரும்பினார்.

இவரையும் நம்பலாமா என்று ஒரு நொடி யோசித்தாள். பிறகு பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்துவரும் லூப்புக்குள், பார்த்த பெயரைத் திரையில் காட்ட ஒரு பிரிண்ட் போட்டு ஓட்டினாள். பதினொரு பெயர் வரவேண்டிய இடத்தில் ஒன்றே வந்தது. விடையைச் சொல்லி வேலையை முடிக்கும் ரிட்டர்ன் லூப்புக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. யார் கையிலாவது எதையாவது கண்டதும் அந்தப் பெயரைச் சொல்லிவிட்டு ஃபங்ஷன் கடையைச் சாத்திவிடும். மரியாதைக்காக மூத்தவரான வெல்டரை முதலில் எழுதியவள் அவள்தான். அவர் முகமூடியோ ஸ்டோருக்குத் திரும்பியதே இல்லை. மற்ற பத்துப் பேரை அது எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

காலி லிஸ்ட் ஒன்று வைத்தாள். அகப்படும் பெயரையும் பொருளையும் அதில் சேர்க்கச் சொல்லி, ரிட்டர்னை லூப்புக்கு வெளியே இழுத்தாள்.

"இன்னும் என்னத்த நோண்டுற?" முதலாளி மறுபடி வந்துவிட்டார்.

"ஒரு தப்பு இருந்துச்சு சார். என் தப்புதான்."

ஓடவிட்டாள். இரண்டு வரிகள். வெல்டர்: முகமூடி ஒன்று. அடுத்தது, கடைசியாகச் சேர்ந்ததால் பட்டியலின் அடியில் இருந்தவர். முதலாளியின் மகளைக் கட்டியவர். மாப்பிள்ளை: டிரில் மூன்று. கேட்க யார் இருக்கிறார்கள் என்ற தைரியத்தில் ஒழுங்காகவே தட்டியிருந்தார்.

முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதுலயும் தப்பு இருக்கும். நல்லாப் பாரு."

"பாத்துட்டேன் சார்."

வெளியே வெல்டிங் சத்தம் நின்றது. வெல்டர் முகமூடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு ஸ்டோர் சன்னலையே பார்த்துக்கொண்டு நின்றார். நாலு மணிக்கு இன்னும் மூன்று நிமிடம் இருந்தது.