ஒன்பதாம் எண் அறையின் சட்டங்கள்

அக்டோபர் மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ப்ரூவர் ஃபோர்க் உயர்நிலைப் பள்ளியின் ஒன்பதாம் எண் அறையில் புவியீர்ப்பு விசை சட்டப்படி ரத்து செய்யப்பட்டது. கீழவையில் பெரும்பான்மை தாராளமாக இருந்தது, செனட்டில் மசோதா ஒரே ஓட்டில் தப்பியது. அதிபர் கையெழுத்துப் போட்டு முடித்ததும் பேனா அவர் விரல்களை விட்டுக் கிளம்பி மேலே போய்க் கூரையில் முட்டி நின்றது. பின்னாலேயே அதிபரும், செனட்டும், சாக்பீஸ்களும், கோப்பை தனியாகவும் காப்பி தனியாகவும், கடைசியில் ஆசிரியை மிஸஸ் குசேராவும் கிளம்பினார்கள். அந்த வாரம் நெப்ராஸ்கா முழுக்கச் சோளம் விலை இறங்கியிருந்ததால், ஊரில் இதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசிக்கொள்ளவில்லை.

லொரெய்ன் குசேரா அந்தப் பள்ளியில் இருபது வருடத்துக்குப் பக்கமாகப் பன்னிரண்டாம் வகுப்புக்கு அமெரிக்க அரசாங்கம் என்ற பாடத்தை நடத்தி வந்தார். சட்டமன்றம், அதிபர், நீதிமன்றம் என்று அரசாங்கத்தின் மூன்று கிளைகளையும் அவர் கரும்பலகையில் வரைந்து முடிப்பதற்குள் பாதி வகுப்பு தூங்கிவிடும், மீதி ஜன்னல் வழியாகத் தானியக் கிடங்கைப் பார்த்துக்கொண்டிருக்கும். இந்த வருடத்தோடு போதும் என்று முடிவு செய்து, ஒமாஹாவில் திரைச்சீலைக் கடை வைத்திருந்த தங்கையிடம் வேலைக்கு வருவதாகச் சொல்லியும் வைத்திருந்தார். ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் வகுப்பையே அரசாங்கமாகப் பிரிப்பது அவர் வழக்கம். ஜன்னலோர வரிசை செனட், மற்ற வரிசைகள் கீழவை, ஒருவர் அதிபர், மூன்று பேர் உச்ச நீதிமன்றம். வருடா வருடம் யாராவது வீட்டுப்பாடத்தை ஒழிக்க மசோதா கொண்டுவருவார்கள், அது பாதி வழியில் செத்துப்போகும், யாருக்கும் ஒன்றும் ஆகாது. காரணம் எளிது. ஒரு சட்டம் சட்டமாவதற்கு எத்தனை படி ஏற வேண்டுமோ அத்தனையையும் எந்த வகுப்பும் ஒழுங்காக ஏறியதில்லை.

அந்த வருடத்து வகுப்பில் எல்டன் போஹாச் இருந்தான். பள்ளிப் பேருந்து ஓட்டும் ஐரீன் போஹாச்சின் ஒரே மகன். கணுக்காலுக்கு மேலே நிற்கும் கால்சட்டையும், எதற்கும் எழுந்து நிற்கும் கால்களும் அவனுடையவை. மசோதா அதை ஆராயும் குழுவுக்கே போகவில்லை என்பான். போய் வந்தால், செனட்டில் இரண்டு பேர் கழிப்பறைக்குப் போயிருக்கிறார்கள், ஆள் போதாது என்பான். "ஏன்டா எல்டன், மூச்சு விடறதுக்கும் குழுகிட்ட அனுமதி கேட்டுத்தான் விடுவியா?" என்று சபாநாயகர் டார்லா வெக்னர் கேட்டபோது வகுப்பே சிரித்தது. எல்டன் சிரிக்காமல், அந்தக் கேள்வி தீர்மானத்துக்குச் சம்பந்தமில்லாதது என்றான். புவியீர்ப்பு மசோதாவில் 'ஒன்பதாம் எண் அறைக்குள்' என்றும் 'வகுப்பு நேரத்தில் மட்டும்' என்றும் சேர்க்காமல் விடமாட்டேன் என்று அடம்பிடித்து, எல்லோருடைய எரிச்சலையும் வாங்கிக் கட்டிக்கொண்டு சேர்த்தவன் அவன்தான். ப்ரூவர் ஃபோர்க்கின் மாடுகள் இன்னும் தரையில் நிற்பதற்கு அதுவே காரணம்.

தலைமையாசிரியர் வெர்னன் ஸ்டாஃபர் சத்தம் கேட்டு வந்து, கதவு நிலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே தலையை நீட்டினார். "லொரெய்ன், இது பாடத்திட்டத்துல இருக்கா?" என்று கேட்டார். "ஏழாவது பாடம், வெர்னன். மசோதா எப்படிச் சட்டமாகுதுன்னு," என்று தலைகீழாக மிதந்தபடி சொன்னார் மிஸஸ் குசேரா. ஸ்டாஃபர் சற்று யோசித்துவிட்டு, "அப்போ கதவைச் சாத்திக்கோங்க, சாக்பீஸ் தூசி வெளியில வருது," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மணி அடிப்பதற்குள் இன்னொரு சட்டம் போட்டுப் புவியீர்ப்பைத் திரும்பக் கொண்டுவந்து எல்லோரும் தரைக்கு இறங்கினார்கள். அதன் பிறகு அந்த வகுப்பில் தூங்கியவன் ஒருவன்தான், தலைமை நீதிபதி மில்டன் ப்ரஸ். விடியுமுன் எழுந்து அப்பாவின் மாடுகளைக் கறந்துவிட்டு வருபவன், பாடப்புத்தகத்தைத் திறந்து அதன்மேல் கன்னத்தை வைத்தால் மணி அடிக்கும்வரை எழமாட்டான். மற்றவர்கள் அரசியல் சட்டத்தைச் சமையல் குறிப்பு மாதிரிக் கரைத்துக் குடித்தார்கள். விஷயம் ஊருக்குள் பரவியதும் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். கால்பந்துப் பயிற்சியாளர் டோனட் பெட்டியோடு வந்தார். விவசாயிகள் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு மழை கேட்டார்கள். மெதடிஸ்ட் பாதிரியார் தமக்கென்று ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கோயில் கூரை ஒழுகுவதைப் பற்றி நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தார். அதிபராக இருந்த ரஸ்டி ஹாஸ் எல்லோருக்கும் கை கொடுத்தான், எல்லோருக்கும் ஆகட்டும் என்றான். எல்டன் ஒவ்வொன்றுக்கும் எழுந்து நின்றான். மழை என்றால் எவ்வளவு, யார் வயலில், வைக்கோல் காயப்போட்டவன் என்ன செய்வான் என்று கேட்டான். டோனட் வாங்கித் தின்றது லஞ்சத்தில் சேருமா என்றும் கேட்டான்.

நவம்பர் முதல் வாரத்தில் டார்லா ஒருவரி மசோதா ஒன்றைக் கொண்டுவந்தாள். 'எல்டன் போஹாச் சொல்வது எதுவும் யாரையும் எட்டக் கூடாது.' குழு, கீழவை, செனட் என்று எல்லாப் படிகளையும் அவன் கற்றுக்கொடுத்த ஒழுங்கிலேயே ஏறினார்கள். மிஸஸ் குசேரா மட்டும், "நல்லா யோசிச்சுப் பாருங்க," என்றார். "யோசிச்சாச்சு மிஸஸ் குசேரா," என்றான் ரஸ்டி, கையெழுத்துப் போட்டுக்கொண்டே. எழுந்து நின்று பேசிக்கொண்டிருந்த எல்டனின் குரல் வாக்கியத்தின் நடுவில் அறுந்தது. வாய் மட்டும் அசைந்தது. ஓடிப்போய்க் கரும்பலகையில் எழுதினான், சாக்பீஸ் தேய்ந்ததே தவிர எழுத்து ஏறவில்லை.

உண்மையைச் சொன்னால், முதல் வாரம் மிஸஸ் குசேராவுக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. பாடம் சீக்கிரம் முடிந்தது, தலைவலி போனது. அது நிம்மதி என்று புரிந்த அன்று, மதியச் சாப்பாட்டைத் திறக்காமலே பைக்குள் திரும்ப வைத்தார்.

எதிர்த்துக் கேட்க ஆள் இல்லாத சபை வேகமாக வேலை செய்தது. வெள்ளிக்கிழமை சீக்கிரம் வர வேண்டும் என்று ஒரு சட்டம் போட்டார்கள். எப்படி என்று யாரும் கேட்காததால், வாரத்தில் இரண்டு வெள்ளிக்கிழமை வந்து புதன்கிழமை காணாமல் போனது. புதன்தோறும் குப்பை அள்ளும் வண்டி வரவில்லை. புதன்கிழமை பிறந்தநாள் வந்த அஞ்சலக அதிகாரி வயது ஏறாமல் நின்றார், அவர் மனைவிக்கு அது பிடிக்கவில்லை. மிச்சமிருந்த டோனட் எல்லோருக்கும் சமமாகப் போக வேண்டும் என்ற சட்டத்தால் நகரத்தில் ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் ஒரு துணுக்கு டோனட் இருந்தது.

இப்படி இருக்கும்போது ஒருநாள் ஐரீன் போஹாச் பேருந்தை வாசலிலேயே நிறுத்திவிட்டு, சாவிக் கொத்தோடு பள்ளிக்குள் வந்தார். ஒருவரி மசோதாவில் அறையின் பேரும் இல்லை, நேரமும் இல்லை. அதனால் அது வீட்டுக்கும் போயிருந்தது.

"சாப்பாட்டுக்கு முன்னாடி அவன்தான் ஜெபம் சொல்லுவான், மிஸஸ் குசேரா. இப்போ வாய் அசையுது, ஒண்ணும் கேக்கலை. உருளைக்கிழங்கு வேணுமா வேணாமான்னு கூட எனக்குத் தெரியலை. நான் பாட்டுக்கு வெச்சுக்கிட்டே இருக்கேன். நாயைக் கூப்பிடறான், அது திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்குது. நீங்கதானே டீச்சர், எடுத்து விடுங்க."

"எனக்கு இதுல ஓட்டு இல்லை, மிஸஸ் போஹாச்," என்றார் குசேரா. அந்த வாக்கியத்தைத் தன் வாயிலிருந்தே கேட்டபோது அவருக்குக் கூசியது. முதலில் சட்டத்தைத் திரும்பப் பெறச் சொல்லிப் பார்த்தார். கீழவை மறுத்தது, ரஸ்டி தன் செல்வாக்கு போய்விடும் என்றான். மிச்சம் இருந்தது நீதிமன்றம். ஆனால் வழக்கு போட வேண்டிய எல்டன் சொல்வது நீதிபதிகளையும் எட்டாது. "அப்போ நான் போடறேன்," என்றார் ஐரீன். "அவன் குரல் எனக்கும்தானே போச்சு."

மறுநாள் விசாரணை. அதற்கு முந்தைய வகுப்பில் மிஸஸ் குசேரா ஒரு பக்க எண்ணைக் கரும்பலகையில் எழுதி, படியுங்கள் என்று மட்டும் சொன்னார். பரீட்சையில் வராது என்று வருடா வருடம் தாண்டிப் போன பக்கம் அது. எல்லோரும் திறந்து வைத்தார்கள், ஒருவரும் படிக்கவில்லை. மில்டன் அதன்மேல் தூங்கினான். மறுநாளும் அதே பக்கத்தின்மேல் தூங்கிக்கொண்டிருந்தவனை எழுப்பித்தான் விசாரணையைத் தொடங்கினார்கள்.

"பெரும்பான்மை ஓட்டுப் போட்டிருக்கு," என்றாள் டார்லா. "எல்லாப் படியும் முறையா ஏறியிருக்கு. இதுதானே ஜனநாயகம்?"

"நீ முறையாத்தான் செஞ்சேம்மா," என்றார் ஐரீன், சாவிக் கொத்தை இறுக்கிப் பிடித்தபடி. "ஆனா காலையில பஸ்ல ஏறும்போது என் பையன் என்கிட்ட என்னமோ சொல்லிட்டு ஏறறான். தினமும் சொல்றான். அது என்னன்னு எனக்குத் தெரியணும்."

மில்டனுக்குப் பக்கத்து நாற்காலி நீதிபதி ஜோலீன் திரும்பிப் பார்த்து, "மில்டன், கன்னத்துல என்னடா அது?" என்றாள். புத்தகத்தின் மை அவன் கன்னத்தில் வரிவரியாக ஒட்டியிருந்தது, எல்லாம் இடம் வலம் மாறி. ஜோலீன் கைப்பையிலிருந்து முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்துப் பிடித்து, ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். ஒரு தனி ஆளைப் பேர் சொல்லித் தண்டிக்கும் சட்டம் எதையும் சட்டமன்றமான காங்கிரஸ் இயற்றக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் வரி இருந்தது. மில்டன் கன்னத்தைத் தடவிக்கொண்டு, "அப்போ இது செல்லாதுல்ல?" என்றான். நீதிபதிகள் மூன்று பேரும் கை தூக்கினார்கள்.

எல்டனின் குரல் திரும்பியது. ஆனால் அன்றைய குரல் மட்டும் வரவில்லை. அறுந்த இடத்திலிருந்து, அவன் சொல்லி எட்டாமல் போனது அத்தனையும் வரிசையாக வந்தது. "இதுல அறைன்னு போடலை, நேரம் போடலை, வீட்டுக்கும் போகும்," என்று தொடங்கி, வெள்ளிக்கிழமைக்கு ஆட்சேபணை, டோனட்டுக்கு ஆட்சேபணை, ஜெபங்கள், "போதும்மா, உருளைக்கிழங்கு வேணாம்" என்று பல தடவை. நாயைக் கூப்பிட்ட சத்தம் வந்தபோது நாய் பண்ணையிலிருந்து மூன்று மைல் ஓடிவந்து கதவைப் பிராண்டியது. ஒரு இடத்தில் அவன் அழுததும் வந்தது, அப்போது யாரும் யாரையும் பார்க்கவில்லை. பேருந்தில் ஏறும்போது அவன் தினமும் சொன்னது, பின் சக்கரத்தில் காற்று குறைவாக இருக்கிறது என்பதுதான். ஐரீன் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். மணி அடித்தும் யாரும் எழுந்து போகவில்லை. எல்லாம் முடிந்ததும் டார்லா எழுந்து, முகம் சிவக்க, "ஆட்சேபணைகள் ஏற்கப்படுகின்றன," என்றாள். "எதெல்லாம்?" என்றான் எல்டன். "எல்லாம்தான்டா, உட்காரு," என்றாள்.

புதன்கிழமையை மீட்டுக் கொண்டுவரக் கிறிஸ்துமஸ் வரை ஆனது. அதற்கான சட்டத்தின் வாசகத்தை எல்டனும் டார்லாவும் சண்டை போட்டுக்கொண்டே எழுதினார்கள். மிஸஸ் குசேரா தங்கைக்குத் தொலைபேசியில் திரைச்சீலை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, அந்தப் பக்கத்தைப் பரீட்சையில் சேர்த்தார். பள்ளி வாரியம் நீண்ட விவாதத்துக்குப் பிறகு, அறுவடை முடியும்வரை வானிலை பற்றிச் சட்டம் போடக் கூடாது என்று மட்டும் கேட்டுக்கொண்டது.

அடுத்த வருடத்து வகுப்பு எச்சரிக்கையானது. குளிர்காலமெல்லாம் சாட்சிகளை விசாரித்து, இரண்டு சபையிலும் திருத்தித் திருத்தி, வசந்த காலத்தில் ஒரே ஒரு சட்டம் போட்டது. ஒன்பதாம் எண் அறையைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய் வகுப்பு நேரத்தில் டக்டக்கென்று தட்டக் கூடாது. குழாய் வாயை மூடிக்கொண்டது. அதற்கடுத்த வகுப்பு, இவ்வளவு அமைதியில் தூக்கம் வருகிறது என்று முறைப்படி மனுப் பெற்று, குழுவுக்கு அனுப்பி, அதை ரத்து செய்தது. குழாய் அன்று மதியமே தட்ட ஆரம்பித்தது. மிஸஸ் குசேரா குரலைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டு பாடத்தைத் தொடர்ந்தார்.