தட்டினால் விட வேண்டும்

இரண்டு முறை தட்டினேனா, ஒரு முறைதானா என்பது எனக்கே நிச்சயமில்லை. வாலிப வயதில் மாட்டிய கழுத்துப்பிடி அது. டயர் கடை மாடியில், ரப்பர் வாடை அடிக்கும் ஜூடோ கூடத்தில், ஒரு விதியில் மட்டும் சலுகை கிடையாது: பிடிபட்டவன் இரண்டு முறை தட்டினால் அந்த நொடியே விட்டுவிட வேண்டும். மச்சான் விடவில்லை. எனக்கு நினைவு திரும்பியபோது மின்விசிறி முகத்துக்கு நேர்மேலே சுற்றிக்கொண்டிருந்தது. அப்போது அவன் வெறும் நண்பன். அவன் தங்கையை நான் மணந்தது பிறகுதான்.

பின்னாளில் அவன் நகரசபைத் தலைவனானான். நான் ஒரு பத்திரிகையில் வாரந்தோறும் பத்தி எழுதினேன். பதவிக்காலம் முடிந்தும் அவன் ஏதேதோ சாக்குச் சொல்லித் தேர்தலைத் தள்ளிப்போட்ட வருஷம், அந்தக் கழுத்துப்பிடியில் தொடங்கி ஒன்று எழுதினேன். தலைப்பு, ‘தட்டினாலும் விடாதவர்’. ஊர் அதையே அவனுக்குப் பட்டப்பெயராக்கியது. ஒருவழியாகத் தேர்தல் வந்தபோது தோற்றான்.

பல வருஷங்களுக்குப் பிறகு அந்தப் பத்திகள் புத்தகமாகத் தயாராயின. திரும்பப் படித்தேன். நான் எழுச்சி என்று கொண்டாடிய கட்சி காணாமல் போய்விட்டது. செத்துவிடும் என்று நான் நாள் குறித்த மேடை நாடகம் நன்றாகவே இருக்கிறது. மச்சானைப் பற்றியது மட்டும் வரிக்கு வரி நின்றது.

அச்சுக்குப் போகும் வாரம் அவன் மகளோடு வீட்டுக்கு வந்தான். அவள் வக்கீல்; அதே நகரசபைக்குப் போட்டியிடுகிறாள்.

“அந்த ஒன்ன மட்டும் எடுத்துடு மாப்ளே. புள்ள நிக்கிற நேரம். என் பட்டப்பேர அவ தலையில கட்டாத.”

“எழுதினது பொய்யா மச்சான்?”

“பொய்தான். நீ ஒரு தட்டுதான் தட்டின. ஒரு தட்டுக்கு எவன் விடுவான்?”

நான் பேசவில்லை.

“ஆரம்பிச்சுட்டார்,” என்றாள் மனைவி. “இனி சாப்பாட்டு நேரத்துக்குத்தான் வாய் திறக்கும்.”

“மாமா, பொய்னா எடுத்துடுங்க. நெஜம்னா இருக்கட்டும்,” என்றாள் மகள்.

மனைவி மேசையை நகர்த்தினாள். அந்தக் கூடத்தில் எங்கள் இருவரையுமே தூக்கிப் போட்டவள் அவள். “வாயால தீராது. ரெண்டு பேரும் விரிப்புல உக்காருங்க. பாத்துண்ணே, முட்டி போச்சுன்னா நான்தான் மருந்து தேய்க்கணும்.”

“சரி, நீ ரெண்டு தட்டு தட்டு,” என்றான் மச்சான். “நான் விட்டுட்டா கட்டுரைய எடுத்துடணும்.”

ஒப்புக்கொண்டேன். பின்னாலிருந்து கழுத்தில் கையைப் போட்டான். பூப்போலத்தான் இருந்தது.

“அன்னைக்கு இப்படித்தான் புடிச்சேன். நீ இடப்பக்கம் நெளிஞ்ச. நான் கைய உள்ள விட்டேன்...”

கதை சூடேற ஏற, கை இறுகியது. அவன் முழங்கையில் இரண்டு முறை தட்டினேன்.

“அப்புறம் கால இப்படி மடக்கின...”

மறுபடி இரண்டு தட்டினேன். பலமாகவே.

மனைவி அவன் முதுகில் ஓங்கி ஒரு அறை விட்டாள். “அண்ணே! மனுஷன் தட்டி எவ்வளவு நேரமாச்சு! விடு!”

விட்டான். எனக்கு இருமலும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

“நாலு தட்டுப்பா,” என்றாள் மகள்.

அவன் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். “கேக்கவே இல்லம்மா. புடிச்சிட்டா எனக்கு எதுவும் கேக்க மாட்டேங்குது.”

நீண்ட மௌனம். இந்த முறை அது என்னுடையதல்ல.

“போட்டுக்க,” என்றான் கடைசியில். “தலைப்ப மட்டும் கொஞ்சம்...”

“ஒரு எழுத்தும் மாத்த மாட்டேன்.”

“தெரியும். நீயும் விடுற ஜாதியா?”

புத்தகம் வந்தது, கட்டுரை அதில் இருக்கிறது. மகள் ஜெயித்தாள். பதவிக்காலம் முடிந்த அன்றே நகரசபைச் சாவியைக் கொடுத்துவிட்டுக் கோர்ட்டுக்குத் திரும்பினாள். மச்சான் தினமும் காலையில் என்னோடு நடக்க வருகிறான். மனைவி எங்களுக்கு முன்னால் நடக்கிறாள். எனக்குக் கழுத்து இடப்பக்கம் முழுதாகத் திரும்புவதில்லை.