வெந்நீர் அலமாரியில் ஒரு வாளி பீர்

வாளி பேச்சை நிறுத்தியதும்தான் பிரையருக்குப் பயம் பிடித்தது. சாயங்காலம் முழுக்க வெந்நீர் அலமாரிக்குள்ளிருந்து களுக், களுக் என்று கேட்டுக்கொண்டே இருந்தது. அம்மா காதில் விழுந்துவிடக் கூடாதே என்று டிவியை அலறவிட்டிருந்தாள். இப்போது அம்மா தூங்கியாயிற்று. வாளியும் தூங்கிவிட்டதா என்று கதவைத் திறந்து பார்த்தாள். தூங்கவில்லை. அதன் மூடி நிறைமாத வயிறு மாதிரி உப்பியிருந்தது.

மோட்டுவேக்கா ஊரில், பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவின் அறுவடைக் காலம். அப்பா ராஸுக்குப் பூ உலர்த்தும் சூளையில் இரவு ஷிஃப்ட். வீட்டில் போட்ட பீரை மகளிடம் ஒப்படைத்து, "கொப்பளிக்கிறது நல்லா அடங்கட்டும், அப்புறம் பூவைத் துணிப்பையில கட்டிப் போடு" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அடங்குகிறவரை காத்திருக்க அவளுக்குப் பொறுமையில்லை. துணிப்பையும் கண்ணில் படவில்லை. பூவை அப்படியே அள்ளிக் கொட்டி மூடினாள். கொட்டகைக் குளிரில் பாவம் நடுங்குமே என்று வாளியை வீட்டுக்குள் இழுத்துவந்து, அலமாரிக்குள் இருக்கும் வெந்நீர்த் தொட்டியை ஒட்டி வைத்தாள். அந்த ஊரில் ஈரச் சாக்ஸிலிருந்து நோஞ்சான் கோழிக்குஞ்சுவரை, சூடு வேண்டியதெல்லாம் அந்த அலமாரிக்குத்தான் போகும்.

அம்மாவின் வெள்ளை உடுப்பும் அங்கேதான் இருந்தது, வாளிக்கு நேர் மேல்தட்டில். காலையில் புல்தரைப் பந்து உருட்டும் போட்டியின் இறுதி ஆட்டம். அம்மா க்ளெனிஸ் இறுதி ஆட்டத்துக்கு வருவது வாழ்க்கையிலேயே இதுதான் முதல்முறை. வெள்ளையில் ஒரு பொட்டுக் கறை இருந்தாலும் அந்தக் கிளப்பில் புல்லை மிதிக்க விடமாட்டார்கள்.

பிரையர் அப்பாவுக்குப் போன் போட்டுக் கிசுகிசுத்தாள்.

"அப்பா, சத்தம் நின்னுருச்சுப்பா."

"நல்லதுதானே. போய்த் தூங்கு."

"மூடி வீங்கியிருக்கு."



"பூவைப் போட்டுட்டியா?"

"ம்."

"பையில கட்டித்தானே?"

"பை கிடைக்கலப்பா."

"அடிப்பாவி! பூ போய் மூடியில இருக்கிற ஓட்டைய அடைச்சிருக்கும். உள்ள இருக்கிற காத்து எந்த வழியா போகும்? சரி, பதறாத. கொட்டகைதானே, வெடிச்சாலும் கழுவி விட்டுக்கலாம்."

"வெந்நீர் அலமாரியில வச்சிருக்கேன்."

"உங்கம்மா வெள்ளை இருக்கே, அதுலயா?"

"அதுக்கு நேர் கீழ."

"கடவுளே! பீர் போனாப் போகுது. முதல்ல துணிய எடு. மெதுவா. வாளிமேல மூச்சுகூட விடாத."

போனைத் தோளுக்கும் தாடைக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, வாளியின்மேல் வளைந்து, சட்டையை எடுத்தாள். பாவாடையை எடுத்தாள். மூடி கிறீச்சிட்டது. எல்லாவற்றையும் கைக்குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்துப் பின்வாங்கியபோது நடைவழி விளக்கு எரிந்தது.

"என் வெள்ளைய வச்சுக்கிட்டு இந்நேரத்துல என்னடி பண்ற?"

"இஸ்திரி போடலாம்னு..."

"நீயா?"

அதற்குமேல் க்ளெனிஸ் கேட்கவில்லை. மூடி பிய்த்துக்கொண்டு மேல்தட்டில் மோதிய சத்தத்தில் போன் நழுவித் தரையில் விழுந்தது. பச்சைப் பூவும் நுரையும் பீறிட்டு எழும்பின. எதுவும் சிந்தும்போது கையைக் கட்டிக்கொண்டு நின்று பழக்கமில்லாதவள் க்ளெனிஸ். பால் பொங்கினாலும் பிள்ளை கக்கினாலும் பக்கத்தில் கிடைத்த துணியோடு பாய்ந்துவிடுவாள். இப்போதும் பாய்ந்தாள். மகள் கையிலிருந்த துணியைப் பிடுங்கி வாளியின் வாயில் வைத்து இரண்டு கையாலும் அழுத்தினாள்.

"அம்மா..." என்றாள் பிரையர். பிறகுதான் க்ளெனிஸ் குனிந்து பார்த்தாள்.

"ஹலோ? துணி தப்பிச்சுதா?" தரையிலிருந்து ராஸின் குரல் வந்தது.

துணி வழியே கசிந்த நுரை க்ளெனிஸின் முழங்கைவரை வழிந்தது.

"சரி விடு. வாசனை எப்படி இருக்கு? அதையாவது சொல்லு."

பிரையர் போனைக் காலால் தள்ளிவிடப் பார்த்தாள், எட்டவில்லை. க்ளெனிஸின் புருவத்தில் ஒட்டியிருந்த பூவிதழ் ஒன்று வழுக்கி மூக்கு நுனிக்கு வந்து நின்றது. கையை எடுக்காமலேயே அவள் வாளியை அடைத்திருந்த தன் வெள்ளைப் பாவாடைமேல் குனிந்து, ஒருமுறை முகர்ந்தாள். இன்னொரு முறையும் முகர்ந்தாள்.

"பேஷன் ஃப்ரூட் வாசனை" என்றாள், யாரையும் பார்க்காமல்.

அவள் விரல்களுக்கு நடுவே வெள்ளைத் துணி மறுபடி மெல்ல உப்பத் தொடங்கியது.