இரண்டாவது வரி

உணவகம் இருந்த எட்டாவது மாடியில் லிஃப்ட் நின்றதும் மாப்பிள்ளைப் பையனின் அப்பா கதவை ஒரு கையால் பிடித்துக்கொண்டு குனிந்தார். லிஃப்டின் தரையும் மாடியின் தரையும் சேருகிற இடத்தைப் பார்த்தார். ஒரு நூல் ஏற்ற இறக்கம்கூட இல்லை என்று தெரிந்த பிறகுதான் மற்றவர்களுக்கு வழிவிட்டார். அந்தக் கட்டடத்து லிஃப்டுகளையெல்லாம் பழுது பார்ப்பவர் அவர். இரு வீட்டாரும் முதல்முறையாகச் சந்தித்துக்கொள்கிற நாளில்கூடக் குனிந்து பார்க்கிற மனிதரை மார்க்கண்டேயருக்குப் பிடித்துவிட்டது. மனதுக்குள் நூற்றுக்கு நூறு போட்டார். போட்ட பிறகுதான், இன்று யாருக்கும் எதற்கும் மார்க் போடுவதில்லை என்று மகளுக்குக் கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது.

மார்க்கண்டேயர் என்பது அவர் பெயரில்லை. எதைக் கண்டாலும் மார்க் போடுகிற ஆளுக்கு அலுவலகத்தில் வைத்த பெயர், வீடு வரைக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. தொழிலே அதுதான். உணவகங்களின் ஒயின் பட்டியலை எடைபோட்டு மாதாமாதம் ஒரு பத்திரிகையில் எழுதுவார். சரக்கு எப்படி, விலை நியாயமா, எந்த வருடத்துப் புட்டி என்று போட்டிருக்கிறார்களா, போட்டதைத்தான் கொண்டுவருகிறார்களா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். முடிதிருத்துகிறவர், பல் மருத்துவர், பக்கத்து வீட்டுக்காரர் கார் நிறுத்துகிற அழகு, எதுவும் அவரிடம் தப்பாது. மனைவி இருந்தவரை அவருக்கே மார்க் போட ஒரு ஆள் இருந்தது. அவள் போன பிறகு அந்த வேலையை மகள் எடுத்துக்கொண்டாள்.

"அப்பா, இன்னிக்கு நீங்க மார்க் போட வரல. பொண்ணு கொடுக்க வர்றீங்க," என்று காரை விட்டு இறங்கும்போதுகூட அவள் சொல்லியிருந்தாள். குரலில் விளையாட்டு இருந்தது, கண்ணில் இல்லை. இதற்கு முன்பு வந்த ஒரு சம்பந்தத்தை அவர் வாயால் கெடுத்த கதை அவளுக்கு மறக்கவில்லை.

ஜன்னலோர மேசை. இந்தப் பக்கம் அவரும் மகளும், அந்தப் பக்கம் பையனும் அவனைப் பெற்றவர்களும். விருந்து தன்னுடையது என்று லிஃப்ட்காரர் தொலைபேசியிலேயே கறாராகச் சொல்லியிருந்தார். தோல் அட்டை போட்ட ஒயின் பட்டியல் வந்ததும் அதைத் திறக்காமலே மார்க்கண்டேயர் பக்கம் நகர்த்தினார். "நீங்க இருக்கும்போது நான் சொன்னா நல்லா இருக்காது சார். நீங்கதான் சொல்லணும்."

மார்க்கண்டேயர் அட்டையைத் திறந்தார். எத்தனையோ பட்டியல்களைப் பிரித்து மேய்ந்தவர்தான். ஆனால் அதெல்லாம் பத்திரிகையின் காசு. பக்கத்தைப் பார்த்ததுமே விஷயம் விளங்கிவிட்டது. அட்டையில் இருந்த கனம் உள்ளே இல்லை. பாதிப் புட்டிகளுக்கு வருடமே போடவில்லை. நடுப்பக்கத்து விலைகள் பகல் கொள்ளை. கடைசிப் பக்கம் புரட்டிப் பார்க்கவே கூடாத பக்கம். மலிவானதில் தொடங்கி மேலே போகிற பட்டியல் அது. முதல் வரியில் இருந்தது ஒரு சாதாரணச் சிவப்பு ஒயின், நல்லது, விலையும் நியாயம். இரண்டாவது வரியைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்புதான் வந்தது. கடையில் சீந்துவாரில்லாத சரக்கு, இங்கே பெரிய வீட்டுப் பிள்ளைபோல உட்கார்ந்திருந்தது.

அந்த இரண்டாவது வரியைத் திட்டித் திட்டித்தான் அவர் பேர் வாங்கினார். ஒரு கடையின் நாணயத்தைப் பார்க்க வேண்டுமா, இரண்டாவது வரியைப் பாருங்கள் என்று சலிக்காமல் எழுதியிருக்கிறார். இருப்பதிலேயே மலிவானதைக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் அதற்கு அடுத்ததைக் கேட்பார்கள். இது கடைக்காரர்களுக்கும் தெரியும். அதனால் அங்கேதான் விலைபோகாததைக் கொண்டுவந்து வைப்பார்கள். கூச்சத்துக்கு வரி போடுகிறார்கள் என்பது அவருடைய கோபம். அந்தக் கோபம் உண்மையானது.

இப்போது அவர் இருதலைக்கொள்ளி எறும்பாக இருந்தார். விலை கூடியதைச் சொன்னால் அந்த மனிதரின் சம்பளத்தில் ஓட்டை விழும். முதல் வரியைச் சொன்னால், இவர்களுக்கு இது போதும் என்று எடைபோட்டதாகிவிடாதா? தலையைத் தூக்கினார். லிஃப்ட்காரரின் சட்டை புத்தம் புதியது. பெட்டியில் மடித்து வைத்த மடிப்பு, இஸ்திரிக்கும் மசியாமல் நெஞ்சில் குறுக்குக்கோடாக நின்றது. அதைப் பார்த்ததும் அவருக்கு மனம் இளகிவிட்டது. யோசிக்காமல் விரலை வைத்துவிட்டார். இரண்டாவது வரியில்.

சர்வர் தலையசைத்துப் போனார். பையனின் அம்மா கணவரைப் பார்த்தார். கணவர் மேசை விரிப்பைப் பார்த்தார். சர்வர் புட்டியைக் கொண்டுவந்து, தக்கையைத் திறந்து, ஐந்து கோப்பைகளிலும் ஊற்றினார். ஏதோ சரியில்லை என்று மார்க்கண்டேயருக்குப் பட்டது. என்னவென்றுதான் தெரியவில்லை.

லிஃப்ட்காரர் கோப்பையைத் தொடாமல் பேசினார். கோபமாக அல்ல, ஒரு இயந்திரத்தில் எது கழன்றிருக்கிறது என்று சொல்வதுபோல.

"நீங்க எழுதுறதையெல்லாம் தேடிப் படிச்சிட்டுதான் சார் வந்தேன். பையன் கட்டிக்கப்போற பொண்ணோட அப்பா, நாலு வார்த்தை பேசணுமேன்னு. ரெண்டாவது வரியத் தொடாதீங்கன்னு எழுதியிருந்தீங்க. அதை யார் தொடுவாங்கன்னும் எழுதியிருந்தீங்க. தன்கிட்ட காசில்லன்னு தெரிஞ்சிடுமோன்னு பயப்படுறவங்கன்னு." கொஞ்சம் நிறுத்தினார். "நான் பயப்படல சார். எனக்காக நீங்க பயந்துட்டீங்க."

மார்க்கண்டேயரின் முகத்தில் ஈயாடவில்லை. மகள் மடியிலிருந்த துணியைச் சின்னதாக மடித்தாள், இன்னும் சின்னதாக மடித்தாள். போச்சு, இதுவும் போச்சு என்று அவருக்குள் ஒரு குரல் கேட்டது.

சப்பைக்கட்டு கட்ட வழி இருந்தது. கடையைச் சோதிக்கத்தான் கேட்டேன், என் தொழிலில் இது வழக்கம் என்றால் யாரும் மறுக்க முடியாது. வழக்கம் என்பது உண்மையும்கூட. வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. மகள் நிமிர்ந்து பார்த்தாள். அப்பா எப்போது பொய் சொல்லப்போகிறார் என்று சின்ன வயதிலிருந்தே அவளுக்குத் தெரியும்.

"ஆமாங்க," என்றார் அவர். "தப்புதான். உங்க சட்டையப் பார்த்தேன். புதுசு. இன்னிக்குன்னு வாங்கியிருக்கீங்கன்னு தோணுச்சு. அதை வச்சு உங்களை எடைபோட்டுட்டேன். பெரிய மனசுன்னு நினைச்சுதான் செஞ்சேன். அதுதான் அசிங்கம்."

லிஃப்ட்காரரின் கை தானாக நெஞ்சுக்குப் போய் அந்த மடிப்பைத் தடவியது. யாரும் எதிர்பார்க்காத நேரத்தில் அவர் மனைவி சிரித்துவிட்டார்.

"நான் வாங்குனது அது. பழைய நீலச் சட்டையத்தான் போடுவேன்னு ஒத்தக்கால்ல நின்னாரு. நாந்தான் கேக்கல. இப்ப பாருங்க."

"நான் சொன்னேன்ல?" என்றார் லிஃப்ட்காரர் மனைவியிடம், வழக்கில் ஜெயித்தவர்போல. பையன் பக்கென்று சிரித்தான். மகளின் விரல்கள் அந்தத் துணியை விட்டன.

லிஃப்ட்காரர் பட்டியலைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கிரீஸ் கறை எத்தனை கழுவினாலும் போகாத நகம் முதல் வரியில் வந்து நின்றது. இது எப்படி என்று கேட்டார். நல்லது, நியாயமான விலை, இந்தப் பட்டியலில் யோக்கியமான வரி அது ஒன்றுதான் என்று மார்க்கண்டேயர் சொன்னார். வீட்டிலிருந்து கிளம்பும்போதே முதல் வரியைத்தான் நினைத்து வந்ததாகவும், நீங்களும் அதையே சொல்கிறீர்களா என்று பார்க்க ஆசைப்பட்டதாகவும் லிஃப்ட்காரர் சொன்னார். சர்வரைக் கூப்பிட்டு, எல்லாரும் கேட்கும்படி, இருப்பதிலேயே மலிவான புட்டியையும் நாலே நாலு கோப்பைகளையும் கொண்டுவரச் சொன்னார்.

புதிய கோப்பைகள் நான்கு வந்தன. சர்வர் பழைய புட்டியை எடுக்கப் போனார். லிஃப்ட்காரர் அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டார்.

"இது இருக்கட்டும் தம்பி. இது சம்பந்திக்கு."

சம்பந்தி. அந்த வார்த்தை மேசையில் விழுந்ததும் மகள் அப்பாவைப் பார்க்கவில்லை, பையனைப் பார்த்தாள். கேலியாகச் சொன்னாரா, மெய்யாகவே சொன்னாரா என்று லிஃப்ட்காரரின் முகத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

மார்க்கண்டேயர் கோப்பையை எடுத்தார். எடுத்ததும் சுழற்றுவது கையின் பழக்கம். சுழற்றவில்லை. முகர்ந்தும் பார்க்கவில்லை. ஒரே மூச்சில் குடித்தார். சர்க்கரைத் தண்ணீரில் ஊறிய அட்டைப்பெட்டி ருசி. தொண்டை வரை காந்தியது.

"எத்தனை மார்க்?" என்றார் லிஃப்ட்காரர், புட்டியைக் கீழே வைக்காமல்.

மார்க்கண்டேயர் காலியான கோப்பையை மேசைக்குக் குறுக்கே அவரிடம் நீட்டினார்.