பட்டப்பகலில் ஓடிய வாஷிங் மெஷின்

கடீனா ஊரே தூங்கும் நேரத்தில் ஒரு வீடு மட்டும் மும்முரமாக வேலை பார்க்கும். அது கிளெம் ட்ரெசைஸின் வீடு.

நள்ளிரவு தாண்டியதும் சமையலறையில் பாத்திரம் கழுவும் இயந்திரம் கண் விழிக்கும். அதன் பின்னாலேயே வாஷிங் மெஷின். அப்புறம் வெந்நீர்த் தொட்டி. எல்லாவற்றுக்கும் கிளெம் டைமர் மாட்டி வைத்திருந்தான். வெந்நீர்த் தொட்டிக்கு மட்டும் இருந்த இரவுக் கட்டணச் சலுகையை மின்சாரக் கம்பெனி வீடு முழுவதற்கும் கொடுக்க ஆரம்பித்தபோது, ஊரில் முதல் ஆளாக அதில் சேர்ந்தவன் அவன்தான். வேலையில் இருந்த காலமெல்லாம் வாலரூ துறைமுகத்தில் கோதுமைக் கிடங்கில் இரவு ஷிப்ட். ஓய்வு பெற்றதும் அந்த ஷிப்டை வீட்டுச் சாமான்களுக்குத் தள்ளிவிட்டான் என்பாள் அவன் மனைவி வெர்னா.

தூக்கம் போனது வெர்னாவுக்குத்தான். படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கம் வாஷிங் மெஷின். துணி பிழியும்போது அது போடுகிற ஆட்டத்தில் கட்டிலும் சேர்ந்து ஆடும். கிளெமுக்கு இதெல்லாம் எட்டாது. அவனுக்கு இரண்டு காதிலும் கருவி. படுக்கும் முன் அவற்றைக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டுவிட்டானென்றால் பக்கத்தில் இடி விழுந்தாலும் புரண்டு படுக்க மாட்டான்.

"மெஷின் சத்தத்துல ராத்திரி பூரா கண்ணை மூட முடியல, கிளெம்."

"எந்தச் சத்தம்? எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

"உனக்கு எப்படிக் கேக்கும்? உன் காதுதான் கிண்ணத்துல தூங்குதே."

பகலிலோ வீட்டில் ஈ பறக்கவும் அனுமதி கேட்க வேண்டும். அங்கே உச்சக் கோடையான ஜனவரி வெயிலில் தார் ரோடு இளகி ஓடும்போதும் ஏசி கிடையாது. "காலை பக்கெட் தண்ணியில வெச்சுக்கோ, உடம்பு தானா ஆறும்" என்பான். ஞாயிற்றுக்கிழமை ஆட்டுத்தொடை விடிவதற்கு முன்பே வெந்து, மத்தியானம் ஜில்லென்று மேசைக்கு வரும். மகள் பேரப்பிள்ளைகளோடு வந்தால் பிள்ளைகள் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்ப்பார்கள்.

போன நவம்பரில் வெர்னாவின் கைபேசிக்குக் கம்பெனியிலிருந்து ஒரு செய்தி வந்தது. பழைய இரவுத் திட்டத்தை நிறுத்திவிட்டார்களாம். எல்லோரையும் புதுத் திட்டத்துக்கு மாற்றியாகிவிட்டதாம். அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. கூப்பிட்டுக் கேட்டாள்.

"இப்பல்லாம் முக்காவாசிக் கூரையில சோலார் இருக்கும்மா" என்றாள் மறுமுனையில் பேசிய பெண். "நடுப்பகல்ல கரண்ட் கொட்டிக் கிடக்கு, வாங்க ஆள் இல்ல. அதனால காலைல பத்துல இருந்து மூணு வரைக்கும்தான் இனிமே ரொம்ப மலிவு."

"அப்ப ராத்திரி?"

"விடியறதுக்கு முன்னாடி கொஞ்சம் குறையும். பகல் அளவுக்குக் குறையாது. சாயங்காலம் மட்டும் பாத்துக்குங்க, அப்பதான் விலை எகிறிடும்."

அன்று இரவுச் சாப்பாட்டில் வெர்னா விஷயத்தைச் சொன்னாள். கிளெம் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவளைப் பரிதாபமாகப் பார்த்தான்.

"பகல்ல கரண்ட் மலிவா? யார் சொன்னது?"

"கம்பெனியே சொல்லுது."

"விளம்பரம். நாம கூரையில தகடு வாங்கணும்னு விரிக்கிற வலை. எந்த ஊர்லயாவது கூட்டம் இருக்கிற நேரத்துல டிக்கெட்டைக் குறைப்பானா?"

"நானே பேசினேன், கிளெம்."

"அவங்க பேசாம என்ன பண்ணுவாங்க? பேசறதுக்குத்தான் சம்பளம்."

அதோடு பேச்சு முடிந்தது. வெர்னா தட்டுகளை எடுத்துப் பாத்திரம் கழுவும் இயந்திரத்தில் அடுக்கினாள். கிளெம் வந்து டைமரைச் சரிபார்த்துவிட்டுப் படுக்கப் போனான். கிண்ணத்தில் காதுக் கருவிகள் விழும் 'டிங்' சத்தம் கேட்டது. வெர்னா ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு எழுந்துபோய் ஒவ்வொரு டைமராக அணைத்துவிட்டு வந்து படுத்தாள். பல வருடங்களில் முதல்முறையாக விடியும்வரை அடித்துப் போட்டதுபோல் தூங்கினாள்.

பகலில் மறைக்க வேண்டிய சிரமமே இல்லை. கிளெம் தினமும் காலையில் பௌல்ஸ் கிளப்புக்குப் போய்விடுவான். அங்கே புல்லைச் சீவுவான், பந்து உருட்டுவான், சக கிழவர்களோடு சண்டை போடுவான், மூன்று மணிக்கு மேல்தான் திரும்புவான். அவன் கார் முக்கு திரும்பியதும் வீடு உயிர் பெறும். மெஷின் சுற்றும், அடுப்பு சூடாகும், ஏசி குளிர் காற்றை ஊதும். வெர்னா நாற்காலியில் சாய்ந்து, எதிர் நாற்காலியில் காலைத் தூக்கிப் போட்டு, ரேடியோ கேட்பாள். துணி வெயிலில் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். மூன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஜன்னலைத் திறந்து குளிரை வெளியே விரட்டிவிட்டு, பக்கெட்டில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

பிப்ரவரியில் பில் வந்தது. கிளெம் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தான். கோடை பில் இவ்வளவு இறங்கி அவன் பார்த்ததே இல்லை.

"பாத்தியா? கட்டுப்பாடு, வெர்னா. எல்லாம் கட்டுப்பாடு."

சிரிப்பு வந்துவிடும் என்று வெர்னா உப்பு டப்பாவைத் தேடுவதுபோல் அலமாரிக்குள் தலையை விட்டுக்கொண்டாள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லாததன் வினை சீக்கிரமே வந்தது. கிளெம் அந்தப் பில்லை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிளப்பெல்லாம் காட்டினான். தங்கள் பில் எகிறிப்போய் எரிச்சலில் இருந்தவர்கள் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். கிளப் தலைவர் ரெக்ஸ், சனிக்கிழமை மதிய விருந்தில் கிளெம் தன் முறையை எல்லோருக்கும் விளக்கப் போவதாக அறிவித்துவிட்டார். பக்கத்து வீட்டு மாக்சின் அதுவரைகூடக் காத்திருக்கவில்லை. அவள் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து வெர்னாவைக் கூப்பிட்டாள். கண்ணுக்குக் கீழே கருவளையம்.

"உன் வீட்டுக்காரர் எனக்கும் டைமர் மாட்டிக் குடுத்துட்டாரு. நடுராத்திரி மெஷின் ஓட ஆரம்பிச்சா என் நாய் ஊளையிட ஆரம்பிக்குது. நீ எப்படித்தான் இத்தனை வருஷம் தாங்கினியோ."

கிளெம் ஏமாந்தால் அது வீட்டுக்குள் இருக்கிற வேடிக்கை. ஊரே ஏமாந்தால் என்ன செய்வது? அன்று மாலை வெர்னா இரண்டு தரம் பேச்சை எடுத்தாள். இரண்டு தரமும் கிளெம், "இரு, இந்த இடத்துல ஒரு நகைச்சுவை வேணும்" என்று தன் பேச்சுக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தான்.

சனிக்கிழமை விருந்துக்கு நாற்பது பாஸ்டி வெர்னாவின் பொறுப்பு. மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்து, விளிம்பை முறுக்கி மூடிச் சுடுவது. அந்த ஊரில் அது இல்லாமல் கல்யாணமும் நடக்காது, கருமாதியும் நடக்காது. விடிவதற்குள் சுட்டு முடிக்கும்படி முந்தின இரவே உத்தரவு போட்டிருந்த கிளெம், சமையலறையை எட்டிப் பார்க்காமலே காலையில் கிளப்புக்குப் போய்விட்டான். வெர்னா பத்து மணி அடித்த பிறகு அடுப்பைப் போட்டாள். கூடவே மெஷினையும் ஏசியையும்.

படிக்கிற கண்ணாடியை மறந்துவிட்டுப் போன கிளெம் அதை எடுக்கத் திரும்பி வந்தான்.

கதவைத் திறந்ததும் குளிர் காற்று முகத்தில் அடித்தது. மெஷின் உச்சக்கட்ட ஆட்டத்தில் இருந்தது. அடுப்பு தகதகத்தது. வெர்னாவின் கால் இரண்டும் அவனுடைய நாற்காலியில் இருந்தன.

"யார் இதெல்லாம் போட்டது?"

"பேய்."

"வெர்னா."

"நான்தான். வேற யாரு?"

அவன் ஏசியை அணைத்தான். மெஷினை அணைத்தான். அடுப்புப் பக்கம் கை போனபோது வெர்னா எழுந்துவிட்டாள்.

"அதைத் தொட்டே, உன் கூட்டத்துல நாப்பது பேரும் வெறும் வாயைத்தான் மெல்லணும்."

"மூணு மாசமா சென்ட் சென்ட்டா மிச்சம் பிடிச்சு வெச்சிருக்கேன், எல்லாத்தையும் ஒரே பகல்ல..."

"மூணு மாசமா நான் பகல்லதான் ஓட்டறேன், கிளெம். தினம். ராத்திரி நீ காதைக் கழட்டினதும் டைமரையெல்லாம் அணைச்சிடுவேன்."

கிளெம் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். பில் அங்கேதான் இருந்தது.

"தினமுமா?"

"தினமும்."

"எனக்கு ஒண்ணும் கேக்கலையே."

"அதான் எனக்கு வசதியாப் போச்சு."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னேன். விளம்பரம்னு சொன்னது யாரு?"

அவன் நினைத்துப் பார்த்தான். முள்கரண்டியைக் கீழே வைத்தது நினைவுக்கு வந்திருக்க வேண்டும், முகம் தொங்கிப்போனது. வெர்னா இந்த நாளை மனசுக்குள் எத்தனையோ தரம் நடத்திப் பார்த்திருக்கிறாள். ஒவ்வொரு தரமும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறாள். இப்போது சிரிப்பு வரவில்லை. கிளெம் நாற்காலி நுனியில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னான்.

"மாக்சினுக்கு வேற டைமர் மாட்டிக் குடுத்திருக்கேன்."

"தெரியும். நாய் ஊளையிடுதாம்."

"எனக்கு வயித்து வலின்னு ரெக்ஸ்கிட்ட சொல்லிடறியா?"

"சொல்லலாம். ஆனா நீ பேசலைன்னாலும் அவங்க உன்னைப் பாத்துப் பாத்து ராத்திரிலதான் துவைப்பாங்க."

கிளெம் எழுந்து போய், யாரும் சொல்லாமலே, ஏசியைத் திரும்பப் போட்டான். சட்டையின் மேல் பொத்தான்களைக் கழற்றிவிட்டு அதற்கு நேராக நின்றான்.

"நல்லாத்தான் இருக்கு" என்றான் சுவரைப் பார்த்து.

கிளப் கூடம் நிறைந்திருந்தது. சூடான பாஸ்டிகளை எல்லோரும் ஊதி ஊதித் தின்றார்கள். ரெக்ஸ் கைதட்டி அமைதி கேட்டு, மின்சாரத்தின் முதுகெலும்பை முறித்தவர் என்று கிளெமை அறிமுகம் செய்தார். கிளெம் மைக் முன்னால் நின்றான். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த வெர்னாவுக்கு அவன் என்ன சொல்லப் போகிறான் என்று சத்தியமாகத் தெரியாது.

"மூணு மாசமா எங்க வீட்டுல ஒரு ரகசியச் சோதனை நடந்துச்சு" என்று ஆரம்பித்தான். வெர்னாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆள் இதையும் தன் கணக்கில் எழுதிக்கொள்ளப் போகிறான். "ராத்திரிக்குப் பதிலா, காலைல பத்துல இருந்து மூணு வரைக்கும் எல்லாத்தையும் ஓட்டிப் பாத்தது. முடிவு இந்தப் பில். அதனால ராத்திரி டைமர் வெச்சவங்க எல்லாரும் அதைக் கழட்டிடுங்க. மாக்சின், முதல்ல நீ."

கூடத்தில் சலசலப்பு. மாக்சின் எழுந்து நின்றாள்.

"போன வாரம்தானே ராத்திரி ராத்திரின்னு உயிரை எடுத்தே? சோதனை உன் வீட்டுலதான் நடந்ததுன்னா உனக்கு எப்படித் தெரியாமப் போச்சு?"

கிளெம் விட்டத்தைப் பார்த்தான். மைக்கைப் பார்த்தான். பிறகு கடைசி வரிசையைப் பார்த்தான்.

"சோதனை நடத்துனது வெர்னா" என்றான். "எனக்குத் தகவல் சொல்லப்படல. இல்ல, சொல்லப்பட்டுச்சு, நான்தான் கேக்கல. அப்புறம், கேக்கற நிலைமையிலயும் இல்ல." காதிலிருந்து கருவியைக் கழற்றிக் காட்டினான்.

கூடமே சிரித்தது. ரெக்ஸுக்குப் புரையேறி இரண்டு பேர் முதுகில் தட்ட வேண்டியதாயிற்று. மாக்சின் திரும்பி வெர்னாவைப் பார்த்துக் கும்பிடாத குறையாகத் தலையாட்டினாள்.

அப்போது யாரோ சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டார்கள். இரண்டரை. மூன்று மணிக்குள் ஒரு தடவையாவது துவைத்துவிடலாம் என்று ஒரு அம்மாள் கைப்பையை எடுத்தாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி. கண் மூடித் திறப்பதற்குள் நாற்காலிகள் கிரீச்சிட, வெளியே கார்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் புழுதி கிளப்பிக்கொண்டு ஓடின. நன்றியுரைக்கு எழுந்த ரெக்ஸ்கூட, "மன்னிச்சுக்கோ கிளெம், எனக்குப் பாத்திரம் கிடக்கு" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

கிளெம் மைக்கை அணைத்துவிட்டு வந்து வெர்னாவின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"நாமளும் போலாமா? காலைல நான் மெஷினைப் பாதியில அணைச்சிட்டேன். துணி ஈரமாவே உள்ள கிடக்கும்."

"கிடக்கட்டும்" என்றாள் வெர்னா. தட்டில் மிச்சமிருந்த பாஸ்டியைப் பாதியாகப் பிட்டு அவன் பக்கம் நீட்டினாள். "அது நாளைக்கும் ஓடும். இது ஆறினா நல்லாருக்காது, சாப்பிடு."